பட்டிக்கு அடியில் இருப்பதையும் சொல்லி விற்போம்

ஐம்பது அறுபது வயதான ஒரு காரில் துருவே பிடிக்காத பாடி இருக்க முடியாது. கோவையில் பழைய வண்டிகளுக்கு டிங்கர் வேலை பார்த்தே குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஃபுட்போர்டு, டிக்கியின் அடித்தகடு, மட்கார்டு ஓரம், முன் கண்ணாடி ரப்பர் உட்காரும் இடம் என எங்கோ ஒரு முறையாவது தகடு வெட்டப்பட்டிருக்கும், கேஸ் வெல்டிங் வைக்கப்பட்டிருக்கும், மேலே பட்டி பார்த்துத் தேய்க்கப்பட்டிருக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் செலவு செய்து பார்த்ததால்தான் அந்த வண்டி இன்று ஓடுகிறது. இல்லையென்றால் உக்கடம் பழைய இரும்புக் கடையிலோ சென்னை புதுப்பேட்டையிலோ என்றைக்கோ துண்டு துண்டாகியிருக்கும்.

விற்கும் நேரம் வந்தால் மட்டும் இதெல்லாம் நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. ஒரே ஓனர், டாக்டர் வண்டி, தகட்டில் கைபடவில்லை, எஞ்சின் பிரிக்கவே இல்லை. இதைச் சொல்பவர்களில் பலர் பொய் சொல்லிப் பழகியவர்கள் அல்லர். உண்மையைச் சொன்னால் விலை இறங்கிவிடும் என்று புரோக்கர் பயமுறுத்தியிருப்பார். இந்தப் பயம்தான் நம் ஊர்ப் பழைய கார் உலகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பாடியும் அடித்தளமும் ஒன்றாகவே வரும். ஹெரால்டில் தனி சேஸ். அதன் மேல் பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். அழகான வேலை. ஆனால் சேஸிலிருந்து இருபக்கமும் நீளும் கைகளில் சேறும் மழைத்தண்ணீரும் தங்கி, தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே பெயின்ட் பளபளக்கும். கீழே படுத்துத் திருப்புளியால் குத்தினால் முழுசாக உள்ளே போகும். அந்தக் கைகளை வெட்டி எடுத்து, சரியான கனத்தில் தகடு வளைத்து, அளவு பார்த்துப் பற்றவைத்தால் பல ஆண்டுகள் தாங்கும். ஓட்டையின் மேல் மெல்லிய தகட்டை ஒட்டி அண்டர்கோட்டிங் அடித்தால், அடுத்த மழைக்காலத்துக்குள் கதவு சரியாகச் சாத்தாது. விற்பனை நாளில் இரண்டு வேலையும் கறுப்புப் பூச்சுக்கு அடியில் ஒரே மாதிரிதான் தெரியும். எது எது என்று வாங்குகிறவருக்குச் சொல்லக்கூடியவை, வெட்டிய நேரத்தில் எடுத்த படங்களும் பட்டறை பில்லும் மட்டுமே. அந்த வண்டியில் ஒரு குடும்பம் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் போகப் போகிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

எஞ்சின் கதை இன்னும் நீளமானது. மார்க் 2 அம்பாசடர் பெட்ரோல் வண்டியாகத்தான் கம்பெனியிலிருந்து வந்தது. டீசல் அம்பாசடர் வந்தது 1980 வாக்கில். அதற்குப் பிறகு பெட்ரோல் விலைக்குப் பயந்து எத்தனையோ பேர் மேட்டடார் டீசல் எஞ்சினை வாங்கிப் பழைய வண்டிகளில் மாட்டினார்கள். இன்று அதே வண்டிகளுக்கு மதிப்பு கூடியதும், எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பிடித்துத் திரும்ப மாட்டுகிறார்கள். அதுவும் நல்ல வேலைதான். பிறவியிலேயே இந்த எஞ்சின்தான் என்று காட்ட நம்பரைத் தேய்த்து வேறு நம்பர் பஞ்ச் செய்வது இருக்கிறதே, அது குற்றம். அப்படிக் கேட்டு வந்தவர்களை நான் பட்டறை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அரசின் பங்கும் இதில் இருக்கிறது. முன்பு ஆர்.சி. புத்தகம் உண்மையிலேயே புத்தகமாக இருந்தது. முதல் உரிமையாளர், பிறகு வந்த ஒவ்வொரு பெயர் மாற்றம், கடன் ஏறியது, கடன் தீர்ந்தது, எஞ்சின் மாற்றினால் புது எண் என்று ஆர்.டி.ஓ. முத்திரையுடன் பக்கம் பக்கமாக ஏறும். இன்றைய அட்டையில் இப்போதைய உரிமையாளரின் பெயரும் அவர் எத்தனையாவது ஓனர் என்பதும்தான் தெரியும், முந்தையவர்களின் பெயர்கள் தெரியாது. அட்டை வாங்கும்போது புத்தகத்தை ஒப்படைத்த பலர் ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை. போதாக்குறைக்கு, 29, 30 படிவங்களில் வெறும் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமலே மூன்று நான்கு கை மாறும் வண்டிகள் வேறு. அட்டை இரண்டாவது ஓனர் என்று சொல்லும். வண்டியைப் பார்த்தால் ஆறு பேர் ஓட்டியிருப்பது தெரியும்.

2021-இல் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு வி.ஏ. வரிசையில் எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது என்கிறது அது. அரித்துப்போன சேஸ் கையை அதே அளவில் புதிதாக அடித்துப் போடுவது மாற்றமா, பழுதுபார்ப்பா? இதற்குத் தெளிவான பதில் இல்லாததால் நேர்மையான உரிமையாளரும் வாயை மூடிக்கொள்கிறார். எந்த வேலை எப்போது நடந்தது என்று எழுதிக் கொடுப்பவருக்குப் பதிவு உண்டு, மறைத்தவருக்கு ரத்து என்று விதியைத் திருத்துவதே நியாயம்.

மாற்றிய பாகங்களால் மதிப்பு போய்விடும் என்பவர்களுக்கு லண்டன் வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற பென்ட்லி கார், 'ஓல்டு நம்பர் ஒன்'. 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் கிளைவ் டன்ஃபீ இறந்தது இதே வண்டியில்தான். அதன் பிறகும் பலமுறை புதுப்பிக்கப்பட்டது. 1990-இல் இதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அந்த வண்டியே அல்ல என்று பின்வாங்கியது. விற்றவர் உயர் நீதிமன்றம் போனார். 1929-இல் ஓடிய பாகங்களில் மிகச் சொற்பமே மிஞ்சியிருப்பது அங்கே தெரிந்தது. ஆனாலும் வண்டி ஒருநாளும் காணாமல் போகவில்லை, ஒவ்வொரு கட்டமும் தொடர்ச்சியாக வந்திருக்கிறது என்பதால் இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன்தான் என்று நீதிபதி ஓட்டன் தீர்ப்பளித்தார். தகடு போனாலும் அறுபடாத வரலாறுதான் அந்தக் காரைக் காப்பாற்றியது.

நம் ஊரிலும் இதற்குச் சாட்சி உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அம்மா, காலமான கணவரின் ஃபியட் 1100 வண்டியை விற்க வந்தார். கணவர் ஒரு நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருந்தார்: கிளட்ச் பிளேட் மாற்றிய தேதி, பாலக்காட்டு ரோட்டில் மாட்டுவண்டி இடித்து இடதுபக்கக் கதவு மாற்றியது, எந்தப் பட்டறை, எவ்வளவு கூலி. பெங்களூருவிலிருந்து வந்தவர் வண்டியைவிட அந்த நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

பட்டறை நடத்தும் தம்பிகளே, தகட்டை வெட்டும் முன்பும் பற்றவைத்த பின்பும் படம் எடுத்துத் தேதியுடன் உரிமையாளரிடம் கொடுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆர்.சி. புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை நகல் எடுத்து, பில்களோடு ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். விற்கும் நாளில் சாவியுடன் அந்த ஃபைலையும் கொடுத்துவிடுங்கள்.