பூவரசின் இரண்டு நிறங்கள்

இந்த வாரம் எனக்கு உண்டான ஆற்றாமையை முதலில் சொல்லிவிடுகிறேன்; அதைச் சொல்லாமல் வேறொன்றை எழுத மனம் ஒருப்படவில்லை. நான்காம் வகுப்பில் படிக்கும் அண்டை வீட்டுப் பேத்தி, பள்ளிக்கூடத்தில் செய்துவரச் சொன்ன பறவைப் படப்புத்தகத்தை என்னிடம் காட்டக் கொண்டுவந்தாள். வழவழப்பான அட்டை, பக்கத்துக்கு நான்காக ஒழுங்காகக் கத்தரித்து ஒட்டிய வர்ணப் படங்கள், ஒவ்வொரு படத்தின் அடியிலும் அச்சிட்ட பெயர். கடையில் தாள் தாளாக விற்கும் படங்களை வாங்கி, அம்மா வெட்டிக்கொடுக்க, மகள் ஒட்டியிருக்கிறாள். அமெரிக்கக் காட்டுப் பஞ்சவர்ணக்கிளி இருந்தது, டூக்கான் இருந்தது, பெங்குவின் இருந்தது, நெருப்புக்கோழி இருந்தது. "மக்களே, இதுல எந்தப் பறவையை நீ கண்ணால பாத்திருக்க?" என்று கேட்டேன். அவள் ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, "காக்காதான் பாட்டா பாத்திருக்கேன், அது இந்தத் தாள்ல இல்ல" என்றாள்.

அந்தப் புத்தகத்தில் பூநாரையின் படமும் இருந்தது என்பதுதான் என்னை மிகவும் வருத்திற்று. சில பருவங்களில் புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களில் கூட்டமாக வந்திறங்கி, வளைந்த அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் அலைத்து இரை தேடும் அப்பறவை, அக்குழந்தையின் வீட்டிலிருந்து பேருந்தில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஆனால் அவளுக்கு அது ஏதோ ஒரு தூரதேசத்துப் பிராணி. எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்பது இங்கே முக்கியமன்று. இது நாடு முழுதும் நடக்கும் சம்பிரதாயமாகிவிட்டது.

குழந்தையைக் கடிந்துகொள்ள எனக்கு நாவெழவில்லை. வெட்டுவதும் ஒட்டுவதும் எனக்கும் பிரியமான காரியங்கள் என்பதை இப்பத்தியைத் தொடர்ந்து வாசித்துவரும் அன்பர்கள் அறிவார்கள். காலையில் தேரூர்க் குளத்தங்கரையில் நடப்பதும், வீடு திரும்பியபின் அன்று கண்டதை ஒரு பழைய பேரேட்டின் பக்கத்தில் சித்திரமாகவும் குறிப்பாகவும் பதிவதும், அதனருகே ஒரு காய்ந்த இலையையோ, பேருந்துச் சீட்டையோ, நாள்காட்டியில் கிழித்த அன்றைய தேதித் தாளையோ ஒட்டிவைப்பதும் என் நித்திய கர்மங்கள். ஆகவே ஒட்டுவதன்மீது எனக்குப் பகையில்லை. நடக்காமல் ஒட்டுவதன்மீதுதான் பகை.

தேரூரை அறியாதவர்களுக்காக ஓரிரு வார்த்தை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-இல் பிறந்த ஊர் அது. நாகர்கோவிலுக்கும் சுசீந்திரத்துக்கும் அண்மையில், வயல்களுக்குப் பாய்வதற்காக மழைநீரையும் ஆற்றுநீரையும் தேக்கிவைத்த குளங்களின் தொகுதி அங்கே கிடக்கிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி என்ற பெயரில் சுமார் 94 ஹெக்டேர் பரப்பும், வேம்பனூர்க் குளம் ஏறத்தாழ 20 ஹெக்டேர் பரப்புமாக, இரண்டும் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகறிந்த நீர்நிலைகளாயின. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல்லுக்கும் நீர் கொடுப்பதற்கென்றே நம் முன்னோர் வெட்டிய குளங்கள், கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் வடதிசையிலிருந்து வரும் வாத்தினங்களுக்கும் வாசஸ்தலமாகிவிட்டன என்பதை எண்ணும்போது, மனிதன் தன் வயிற்றுக்காகச் செய்த காரியம் ஒன்று இவ்வளவு ஜீவன்களுக்கு அன்னசத்திரமானதே என்று உள்ளம் குளிர்கிறது.

இந்த வாரம் ஒரு காலைப்பொழுதில், மறுகாலை அடுத்த சம்புப் புதரோரம் ஒரு நீலத் தாழைக்கோழி, தண்டொன்றைப் பிடுங்கி, அதை ஒரு காலின் நீண்ட விரல்களால் பற்றித் தூக்கி, மற்றொரு காலில் நின்றபடியே அதன் வெண்மையான அடிக்குருத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. நிழலில் கறுப்பாகத் தோன்றிய அதன் மேனி, வெயில் பட்டவுடன் நீலமும் ஊதாவுமாக மின்னிற்று. நெற்றிவரை ஏறிய செந்நிற அலகு அதற்கு ஒரு ராஜகம்பீரத்தைக் கொடுத்தது. அடியெடுத்து வைக்கும்தோறும் குட்டை வாலைச் சிமிட்டிச் சிமிட்டி அதன் அடியிலுள்ள வெள்ளையைக் காட்டிற்று. அந்தக் காலின் விரல்கள் தண்டை எப்படி வளைத்துப் பிடித்தன என்பதை வரைய உட்கார்ந்தபோதுதான், அதைக் கண்டுவர மறுநாளும் நான் போகவேண்டும் என்பது தெரிந்தது; மறுநாளும் போனேன். கண் மேலோட்டமாகப் பார்த்துத் திருப்தியடைந்துவிடும் சுபாவமுடையது. கைதான் அதைத் திரும்பவும் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஆனால் வரைவது மட்டும் போதுமா, ஒட்டுவதும் வேண்டுமா என்று கேட்பவர்களுக்குப் பூவரசைத்தான் நான் காட்டுவேன். குளத்தங்கரையில் நிற்கும் பூவரசின் மலர் காலையில் விரியும்போது இளமஞ்சள், அடியில் மட்டும் கருஞ்சிவப்பு. பொழுது ஏற ஏற அந்த மஞ்சள் முழுதும் சிவந்து, வாடி விழும் தறுவாயில் ஊதாவும் சிவப்பும் கலந்த ஒரு நிறத்தை அடைகிறது. விழுந்த மலரை எடுத்துச் செய்தித்தாளின் மடிப்பில் வைத்து, மேலே கனமான நிகண்டு ஒன்றை ஏற்றி, ஈரம் வாங்கிய தாளை நாள்தோறும் மாற்றிவந்தால், மலர் மெல்லிய பட்டுத்துணியைப்போலப் பதமாகிறது. ஆயினும் அது காட்டுவது மாலையின் நிறம் மட்டுமே. காலையின் மஞ்சளை எந்த அழுத்தமும் காப்பாற்றித் தருவதில்லை. அதைத் தூரிகையால்தான் தீட்டவேண்டும். ஆகவே என் பக்கத்தில் இடப்புறம் தீட்டிய மஞ்சள் மலரும் வலப்புறம் ஒட்டிய சிவந்த மலருமாக இரண்டு பூக்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் பூவரசின் ஒரு பகல் முழுமையாகிறது.

இத்தகைய பக்கங்களுக்கு வேண்டிய உபகரணங்களைப் பற்றிக் கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேரேட்டுத் தாள் மெல்லியது. வர்ணத்தை வைத்தால் மறுபுறம் ஊறும். சாக்கட்டியைப் பொடித்து வேலம்பிசின் கரைசலில் குழைத்து ஒரு பூச்சுப் பூசி உலர்த்தினால் தாளுக்கு உடல் உண்டாகிவிடும். பசைக்கு மைதா மாவைக் கட்டி தட்டாமல் காய்ச்சி, புத்தகம் கட்டுவோர் செய்வதுபோல் சிறிது மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது. அது நஞ்சாதலால் குழந்தைகளின் கையில் மட்டும் கொடுக்கவேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனை மேன்மாடத்துச் சுவரோவியங்களைத் தீட்டியவர்கள், சுண்ணாம்பிலிருந்து வெள்ளையும், கல்லிலிருந்து சிவப்பும் மஞ்சளும், விளக்குப் புகைக்கரியிலிருந்து கறுப்புமாகத் தங்கள் வர்ணங்களைக் காலடி மண்ணிலும் அடுப்பங்கரையிலுமே கண்டெடுத்த மரபினர். நாமும் விலையுயர்ந்த சாமான் கிடைக்கவில்லையே என்று காத்திருக்க நியாயமில்லை.

பள்ளிக்கூடத்துப் படப்புத்தகங்களைப் பற்றி நான் எழுத நினைத்தவை இன்னும் உண்டு. எழுதும் மேசையின்மேல் கிடக்கும் ஒரு நூல் அவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற அந்நூலை இங்கே முன்பும் சிலாகித்திருக்கிறேன். மீண்டும் சிலாகிக்கக் கூச்சமில்லை. மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய கட்டுரைகளைத் தேடித் திரட்டித் தியடோர் பாஸ்கரன் தொகுத்தளிக்க, 2002-இல் வெளிவந்தது. நடையையும் சித்திரத்தையும் குறிப்பையும் ஒன்றாகப் பிணைத்து ஓர் ஆயுள் முழுதும் வாழ்ந்து காட்டிய தமிழர் யார் என்று என்னைக் கேட்டால், வேறு பெயர் எனக்குத் தோன்றுவதில்லை.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் புதல்வராக 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர் அவர். மயிலாப்பூரில், அக்காலத்து எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் இருந்த அவர்கள் வீட்டைச் சுற்றி அந்நாளில் புதர்க்காடும் பறவைகளும் நரிகளும் இருந்தன. பதினோரு வயதில் அவருக்குச் செல்லப்பிராணியாக வாய்த்தது ஒரு கீரிப்பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பேராசிரியர் பைசன், தென்னிந்திய மலைவாசஸ்தலங்களின் தாவரங்களைப் பற்றி நூலெழுதிய பெரியவர். அவரோடு நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் சென்று செடிகளைக் கண்டறிந்த மாணவராகிய கிருஷ்ணன், நீர்வர்ணம் தீட்டும் நுட்பத்தை அவருடைய மனைவியாரிடம் கற்றார் என்பது என் மனத்துக்கு மிகவும் உவப்பான செய்தி. மலையில் நடப்பதும் மலரைத் தீட்டுவதும் அந்த இளைஞருக்கு வெவ்வேறு பாடங்களாக வாய்க்கவில்லை; கணவர் செடியின் பெயரைச் சொல்ல, மனைவியார் அதன் வர்ணத்தைக் காட்ட, ஒரே பாடமாக வாய்த்தன.

பின்பு சந்தூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் பல பதவிகளை வகித்தார். சென்னைக்குத் திரும்பியபின் எந்த உத்தியோகத்தையும் நாடாமல் எழுத்தையும் சித்திரத்தையும் புகைப்படத்தையுமே ஜீவனமாகக் கொண்டார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இல் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் காலமாகும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது. பத்தி எழுதும் தொழிலில் இருக்கும் எவரும் அந்த எண்ணிக்கையின் முன் தலைவணங்கவேண்டும். கட்டுரைகளுக்கான சித்திரங்களையும் தம் கையாலேயே வரைந்தார். புகைப்படத்தையோ கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். நீர்வர்ணம் கற்றவர், அச்சுக்கு வர்ணமில்லாத கோட்டையும் நிழலையுமே நம்பினார் என்பதில் எனக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. வர்ணம் கண்ணை எளிதில் மயக்கிவிடும். ஒரு மைனா தரையில் நடப்பதற்கும் ஒரு குருவி தரையில் தத்துவதற்கும் உள்ள வேற்றுமையைக் கோடுதான் சொல்லவேண்டும். அதனால்தான் நான் இப்போது எந்தப் பறவையையும் முதலில் கரியால் வரைந்து, நிற்கும் நிலை சரியென்று தோன்றிய பின்பே தூரிகையைத் தொடுகிறேன்.

யானையையும் காட்டெருதையும் பற்றி எவ்வளவு எழுதினாரோ, அதே சிரத்தையோடு காகத்தையும் அணிலையும் பற்றி எழுதினார். இந்நாட்டுக்கே உரிய மரத்தை விட்டு அந்நிய நாட்டு மரங்களைச் சாலையோரம் நடுவதை எதிர்த்து வாதிட்டார். படித்தவர்களுக்குத் தங்கள் மண்ணின் உயிர்கள் தெரியவில்லையே என்பது அவருடைய ஆயுட்காலக் கவலை. அது வெறும் பெருமையுணர்ச்சி அன்று. ஒரு தேசம் எதனால் அந்தத் தேசமாகிறது என்று கேட்டால், அதன் மலையாலும் மரத்தாலும் பறவையாலும் என்று அவர் நம்பினார். கட்டடத்தை எங்கும் கட்டலாம், ஆனால் நம் மேற்கு மலையின் தென்கோடியில் அசம்பு மலைச் சோலைகளில் மட்டுமே வாழும் சிரிப்பான் குருவியை வேறெங்கும் கொண்டுபோய் வைக்க முடியாது.

அவரை வாசிக்கும்தோறும் என் பக்கங்களைப் பற்றிய என் அபிப்பிராயம் திருந்துகிறது. பக்கம் அழகாயிருக்கவேண்டும் என்ற ஆசை இயல்பானதுதான். ஆனால் அழகுக்கு மேலே மூன்று சிறு வரிகள் வேண்டும்: தேதி, இடம், பெயர். அவை இல்லாத பூவரசுப் பக்கம் ஓர் அலங்காரம். அவை இருந்தால் அதுவே ஒரு சாட்சியம். இந்தக் கரையில் இந்த மாதத்தில் இந்த மரம் பூத்தது, இந்தப் பறவை வந்தது என்று ஒருவர் எழுதிவைத்திருந்தால்தான், பிற்காலத்தில் அது வராமற்போனதை வேறொருவர் அறியமுடியும். இல்லையேல் இழந்தது இன்னதென்பதே தெரியாமல் இழந்துவிடுவோம்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. அண்டையிலுள்ள கேரளத்தில் 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தின்கீழ்ப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்கென ஒரு மரத்தை வரித்துக்கொண்டு, வாரந்தோறும் அதன் தளிரையும் பூவையும் காயையும் பார்த்து எழுதிவருகிறார்கள். தென்மேற்கும் வடகிழக்குமாக இரு பருவமழையையும் பெறும் நம் மாவட்டத்தில் ஒரு மரத்தின் ஓர் ஆண்டில் பார்ப்பதற்கு எவ்வளவோ உண்டு. நாற்பது பறவைப் படங்களைக் கேட்பதற்குப் பதிலாக, தெருவிலுள்ள ஏதேனும் ஒரு மரத்தை மாதம் ஒரு பக்கம் வீதம் வரைந்தும் எழுதியும் ஒட்டியும் கொண்டுவரும்படி ஆசிரியர்கள் சொல்லட்டும். பன்னிரண்டு பக்கம் முடியும்போது, எந்தப் பாடநூலும் சொல்லாத ஒரு விஷயத்தை ஒவ்வொரு குழந்தையும் தானே கண்டு தன் கையால் எழுதியிருக்கும். ஆசிரியப் பெருமக்களும் தங்களுக்கென ஒரு மரத்தைத் தேர்ந்து அதே நோட்டுப்புத்தகத்தை எழுதவேண்டும் என்பது என் விண்ணப்பம்; கற்பிப்பவர் நடக்காத வழியில் பிள்ளைகள் வெகுதூரம் நடப்பதில்லை.