விமானியின் ஏட்டில் விமானத்தின் வரலாறு

இரண்டாம் உலகப் போரின் இறுதியாண்டில் ஜெர்மானிய வான்படை எத்துணைச் சண்டை விமானங்களைப் பெற்றது என வினவினால், தொழிற்சாலைக் கணக்கை எடுத்துக்காட்டுவோர் பலர். 1944 செப்டம்பரில் மட்டும் ஒற்றைப் பொறிச் சண்டை விமானங்கள் சுமார் 3,000 ஆக்கப்பட்டன என்பது அக்கணக்கு. இடைவிடாத குண்டுவீச்சுக்கிடையே இவ்வளவா என வியப்போரும் உளர். அவ்வியப்பு அளவிறந்தது என்பதே என் கருத்து. ஆலை வாயிலைக் கடந்த விமானம் படைப்பிரிவை அடைந்ததா, அடைந்தபின் எத்தனை நாள் பறந்தது என்பவற்றை அக்கணக்கு உரைப்பதில்லை.

உரைக்கவல்ல ஆவணங்களோ பெரும்பாலும் சாம்பலாயின. 1945இல் தோல்வி நெருங்கியபோது வான்படையினரே தம் ஏடுகளைத் தீயிலிட்டனர். ஆகவே, விமானத்தைத் தேடப் புகுந்தோர் அதை ஓட்டியவனைத் தேடவேண்டியவராயினர்.

விமானியின் பறத்தல் பதிவேடு ஒரு சிறு கையேடு. நாள், விமான வகை, புறப்பட்ட இடம், இறங்கிய இடம், நேரம் ஆகியவை அதில் இருக்கும். சிலர் ஆலை எண்ணையும் குறித்தனர். பலர் விமானத்தின் பக்கத்தில் தீட்டப்பட்ட வண்ண எண்ணோடு நிறுத்திக்கொண்டனர். இடர்ப்பாடு இங்கேதான். 'மஞ்சள் 10' வீழ்ந்தால், வேறொரு விமானம் விரைவிலேயே அப்பெயரைத் தாங்கிவிடும். இழப்பறிக்கைகளில் ஆலை எண், விமானியின் பெயர், வீழ்ந்த இடம், சேதத்தின் விழுக்காடு ஆகியன உண்டு. சேதம் 60 விழுக்காட்டை எட்டிய விமானம் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ஒருவன் ஆலையிலிருந்து ஓட்டிவந்த நாளும், மற்றொருவன் அதே எண்ணோடு மடிந்த நாளும் கிடைப்பின், அவ்விமானத்தின் ஆயுள் இவ்வளவென வரையறுத்துவிடலாம்.

ஹான்ஸ் ஃபேய் என்பாரின் செய்தி ஈண்டு நோக்கத்தக்கது. மெஸ்ஸர்ஷ்மிட் ஆலையின் சோதனை விமானியான அவர், 1945 மார்ச் இறுதியில் 111711 என்னும் எண்ணுடைய புத்தம்புதிய மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானத்தை வேறு தளத்தில் ஒப்படைக்கப் புறப்பட்டார்; ஒப்படைக்கவில்லை. அமெரிக்கர் வசமிருந்த பிராங்க்ஃபர்ட் தளத்தில் இறங்கிச் சரணடைந்தார். ஆலைக் கணக்கில் அது 'ஆக்கப்பட்டது'. களத்திலோ ஒரு நாளும் போரிடவில்லை. அவ்வகை விமானங்கள் 1,400க்கு மேல் ஆக்கப்பட்டும், ஒரே காலத்தில் போரிடும் நிலையிலிருந்தவை 200ஐத் தாண்டவில்லை என்பர்.

எஞ்சியவற்றுக்கு யார் ஓட்டுவது? செயற்கை எரிபொருள் ஆலைகள் 1944 மே முதல் தாக்கப்பட்டபின் பயிற்சிக்கே எரிபொருள் அருகிற்று. ஜெர்மானிய இளைஞன் ஏறத்தாழ 110 மணி நேரப் பயிற்சியோடு களம் புக, எதிர்நின்ற அமெரிக்கன் 300 மணிக்கு மேல் பறந்திருந்தான். 1945 ஜனவரி முதல் நாள் விடியலில் நேசநாட்டு விமானத் தளங்களைத் தாக்கச் சென்றவற்றுள் சுமார் 300 விமானங்கள் ஒரே காலைப்பொழுதில் அழிந்தன. விமானங்களுக்கு மாற்று கிடைத்தது, விமானிகளுக்குக் கிடைக்கவில்லை.

இம்முறையிலும் ஒரு குறை உண்டென ஒப்புக்கொள்ளல் வேண்டும். புகழ்பெற்ற விமானிகளின் ஏடுகளே மிகுதியும் பேணப்பட்டன. ஆதலின் வீழ்த்திய எண்ணிக்கையைப் போற்றும் வீரவழிபாடாக இவ்வாராய்ச்சி திரிந்துவிடுதல் எளிது. அதனினும் கொடியது மற்றொன்று. ஆஸ்திரியாவில் சங்க்ட் கெயார்கன் என்னும் ஊரின் சுரங்கத்தைக் குடைந்தவர்களும், அதனுள் மெஸ்ஸர்ஷ்மிட் 262இன் உடற்பகுதிகளைப் பொருத்தியவர்களும் கூசன் வதைமுகாமின் கைதிகள். பசியாலும் அடியாலும் அங்கே மாண்டோர் பல்லாயிரவர். ஒரு விமானத்தின் பிறப்பை ஆராய்வோர் ஆலை எண்ணிலிருந்து தொடங்கி இவர்களை விட்டுவிடுதல் எங்ஙனம் முறையாகும்? கைதிகளின் அட்டைகளும் பட்டியல்களும் ஜெர்மனியின் பாட் அரோல்சன் காப்பகத்தில் உள்ளன. 2007 முதல் ஆராய்ச்சியாளர்க்கு அவை திறந்தும் விடப்பட்டுள்ளன. விமானியின் பதிவேட்டை வரிவரியாகப் படிப்போர் அவ்வட்டைகளையும் எடுத்துப் படித்தல் வேண்டும்.