பேய்க்குக் கால் பாவாது, மனிதருக்குப் பாவ வேண்டும்

பேயையும் சிரிப்பையும் ஒரே படத்தில் கலந்து கொடுப்பதில் தமிழ் சினிமாவுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1967-இல் ‘பட்டணத்தில் பூதம்’, 1979-இல் ‘கல்யாணராமன்’, 2007-இல் ‘முனி’, 2011-இல் ‘காஞ்சனா’, 2014-இல் தொடங்கி 2024-இல் நான்காம் பாகத்தைத் தொட்ட ‘அரண்மனை’ என்று அந்த வரிசை நீள்கிறது. பாட்டி முதல் பேரன் வரை ஒரே வரிசையில் உட்கார்ந்து, கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்க்கும் படங்கள் இவை. குடும்பத்தோடு பார்ப்பதற்கென்றே செய்யப்படும் அனிமேஷனுக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது. ஆனாலும் இந்தப் பக்கம் நம் துறை இன்னும் கால் வைக்கவில்லை.

வைக்கும் நாள் தொலைவில் இல்லை. பழைய பேய்ச் சிரிப்புப் படங்களை அனிமேஷனாக்குவது வெளியே வழக்கமாகிவிட்டது. ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ 2019-இல் வந்தது. ஆஸ்கார் வைல்டின் ‘கேன்டர்வில் பேய்’ 2023-இல் வந்தது. நாளை ஒரு தயாரிப்பாளர் நம் ஸ்டுடியோ வாசலுக்கு வந்து, “அந்தப் பழைய பூதப் படத்தை கார்ட்டூனாகப் பண்ணலாமா?” என்று கேட்பார். உடனே கதாபாத்திர வடிவமைப்பில் இறங்கிவிடுவதுதான் நம் பழக்கம். அதற்கு முன் தீர்க்க வேண்டிய தொழில்நுட்பக் கேள்வி ஒன்று இருக்கிறது.

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் பேய் ஒன்றுதான் பொய். வீடு, தெரு, மரம், மனிதர் எல்லாம் மெய். மெய்க்கு நடுவே ஒரு பொய் வந்து நிற்பதால்தான் பயம் வருகிறது, சிரிப்பும் வருகிறது. அனிமேஷனில் எல்லாமே வரைந்தது. கதாநாயகனும் வரைந்தவன், அவன் வீட்டுத் திண்ணையும் வரைந்தது, பேயும் வரைந்தது. எல்லாரும் ஒரே மையில் பிறந்தவர்களாக இருக்கும்போது பேயைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? ரீமேக் செய்கிறவர் முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது.

‘ஆடம்ஸ் ஃபேமிலி’யை எடுத்துக்கொள்வோம். சார்ல்ஸ் ஆடம்ஸ் 1938 முதல் ‘நியூயார்க்கர்’ இதழில் வரைந்த கேலிச்சித்திரங்கள்தான் மூலம். 1964-இல் தொலைக்காட்சித் தொடர், 1991-லும் 1993-லும் திரைப்படங்கள் என்று வளர்ந்து, 2019-இல் கான்ராட் வெர்னனும் கிரெக் டியர்னனும் அதை அனிமேஷனாக்கினார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம், நடித்தவர்களின் முகங்களைப் பிரதி எடுக்காமல் ஆடம்ஸின் கோட்டுக்கே திரும்பிப் போனது. குட்டையான, தொந்தி தள்ளிய கோமெஸ் அந்தப் பழைய சித்திரத்திலிருந்து நேராக இறங்கி வந்தவர். வசூல் 20 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் படம் சறுக்கிய இடத்தையும் பார்க்க வேண்டும். அந்த விசித்திரக் குடும்பத்துக்கு எதிரே நிற்கும் ‘சாதாரண’ ஊர்க்காரர்களையும் விசித்திரமாகவே வரைந்துவிட்டார்கள். பெரிய தலை, பெரிய கொண்டை, ரப்பர் கைகால். எல்லாரும் கோணலானபோது ஆடம்ஸ் குடும்பத்தின் கோணல் எடுபடாமல் போனது. டிம் பர்ட்டன் 1984-இல் நடிகர்களை வைத்து எடுத்த தன் குறும்படம் ‘ஃபிராங்கன்வீனி’யை 2012-இல் ஸ்டாப் மோஷனில் மறுபடி எடுத்தபோது இந்தத் தொல்லை குறைவு. கையால் நகர்த்திய பொம்மைக்கு எடை உண்டு, விளக்கடியில் அதற்கு உண்மையான நிழல் விழும். செத்துப் பிழைத்த நாய் அந்த எடைக்கு நடுவே தனித்துத் தெரிகிறது.

நம் நாட்டில் நமக்கு நெருக்கமான உதாரணம் வங்காளத்தில் இருக்கிறது. உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுதிய ‘கூப்பி–பாகா’ கதையை அவர் பேரன் சத்யஜித் ரே 1969-இல் படமாக்கினார். ஊர் துரத்திவிட்ட இரண்டு அரைகுறைப் பாட்டுக்காரர்களுக்குக் காட்டில் பேய்கள் வரம் கொடுக்கும் கதை. அதில் வரும் பேய் நடனத்தை அனிமேஷன் படிக்கும் ஒவ்வொருவரும் கட்டம் கட்டமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். அரசர், குடியானவர், வெள்ளைக்காரர், கொழுத்தவர் என்று பேய்களில் நான்கு சாதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாத்தியம். அந்த வாத்தியங்கள் எங்கிருந்து போயின தெரியுமா? மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங். நம் தாளவாத்தியக் கச்சேரி அப்படியே கல்கத்தாவுக்குப் போய்ப் பேய் பிடித்து ஆடியிருக்கிறது. ரே அங்கே பயமுறுத்துவதை முகப்பூச்சிடம் விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்தின் அசைவுக்கும் ஒரு தனி லயம் கொடுத்து, லயத்தாலேயே பேய்களைப் பிரித்துக் காட்டினார்.

அதே கதையை ஐ.ஐ.டி. பம்பாயின் வடிவமைப்புப் பள்ளி ஆசிரியர் ஷில்பா ரானடே ‘கூப்பி கவையா பாகா பஜையா’ என்ற 2டி அனிமேஷனாகச் செய்தார். 2013-இல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்ட படம், நம் திரையரங்குகளுக்கு வந்தது 2019-இல். தயாரித்தது இந்தியக் குழந்தைகள் திரைப்படச் சங்கம். அந்தச் சங்கமே 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. குழந்தைகளுக்கான அனிமேஷனை நம்பிப் பணம் போட இருந்த பொது இடங்களில் ஒன்று அதனோடு சுருங்கியது. அது வேறு வருத்தம். இங்கே கவனிக்க வேண்டியது, ரானடே ரேயின் படத்தை வரைந்து காட்ட முயலவில்லை என்பதுதான். பழங்கதைக்குப் போனார், ரேயின் நடிகர்களுக்கு நிழல்கூடப் படாத உருவங்களை உண்டாக்கினார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். எம்.வி. ராமன் இயக்கிய ‘பட்டணத்தில் பூதம்’ அனிமேஷனுக்குத் தோதான படம் என்பதில் இரண்டு கருத்து இருக்காது. ஜாடியைத் திறந்தால் வெளியே வரும் ‘ஜீபூம்பா’வாக ஜாவர் சீதாராமன், அதன் குறும்பில் மாட்டிக்கொண்டு விழிக்கும் ஜெய்சங்கரும் நாகேஷும். எஃப். ஆன்ஸ்டே 1900-இல் எழுதிய ‘பித்தளை ஜாடி’ நாவலிலிருந்து 1964-இல் ஹாலிவுட் படம் வந்தது. அந்த வழியாகத் தமிழுக்கு வந்த கதை இது. நாளைக்கு நம்மில் ஒருவர் இதைத் தொட்டால் முதலில் வரும் ஆசை நாகேஷின் முகத்தை வரைவதாகத்தான் இருக்கும். அதைத் தவிர்க்க வேண்டும். அவரிடமிருந்து எடுக்க வேண்டியது நேரம். பேயைப் பார்ப்பதற்கும், பார்த்தது பேய் என்று மண்டையில் ஏறுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. நாம் டபுள் டேக் என்று சொல்வது அதைத்தான். நொடிக்கு 24 ஃபிரேம் ஓட்டத்தில் அந்த இடைவெளியை 6 ஃபிரேமில் முடித்தால் சிரிப்பு வருவதற்குள் காட்சி போய்விடும். 12 ஃபிரேம் பிடித்து நிறுத்தினால் அரங்கம் முந்திக்கொண்டு சிரிக்கும். இந்தக் கணக்கை அனிமேட்டிக் நிலையிலேயே தீர்த்துவிட வேண்டும். ரிக் வந்த பிறகு திருத்துவது காசைக் கரியாக்கும் வேலை.

அடுத்தது ஊர். பேய்ப்படம் என்றால் பேக்கிரவுண்ட் கலைஞர் கை தானாகவே நீலத்துக்குப் போகிறது: நீல இரவு, முழுநிலா, மொட்டை மரம், கல்லறைச் சிலுவை. இது நம் பேயின் வீடு இல்லை. ஒரு சோதனைக்கு மம்சாபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே, மேற்கே மலையைப் பார்த்தபடி இருக்கும் பேரூராட்சி. அந்தப் பக்கத்துப் பாட்டி பேரனுக்கு இரவை மட்டுமா சொல்லிப் பயமுறுத்துகிறாள்? “உச்சிப்பொழுதுல ஒத்தப் புளியமரத்துப் பக்கம் போகாத” என்கிறாள். நம் கரிசல் சீமையிலும் மலையடிவாரத்திலும் பேய் நடமாடும் நேரங்களில் நட்டநடு மதியமும் ஒன்று. தெருவில் ஆள் இல்லை, காற்று இல்லை, நிழல் காலடியில் சுருங்கிக் கிடக்கிறது, தூரத்து மலை வெயிலில் வெளுத்துத் தெரிகிறது. இப்படி ஒரு பேய்க்காட்சியை எந்தப் பெரிய ஸ்டுடியோவும் வரைந்து நம் குழந்தைகளுக்குக் காட்டியதில்லை. நாம் ஏன் அவர்களின் நிலாவைக் கடன் வாங்க வேண்டும்?

அந்த மதிய வெயிலில் ஓர் இராஜபாளையம் நாயை விடுங்கள். 2005-இல் அஞ்சல் தலையில் ஏறிய இனம். பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. பேய் வருவதை நாய் முதலில் மோப்பம் பிடிக்கும் என்பது தேய்ந்துபோன காட்சி. ஆனால் இந்த இனத்துக் குட்டிகளில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். ஊளை, சலங்கை, சிரிப்பு எதுவுமே காதில் ஏறாமல் பேயின் முன்னால் கொட்டாவி விடும் ஒரு காவல் நாயை நினைத்துப் பாருங்கள். பேய்க்கு வரும் அவமானத்தில் அரை ரீல் நகைச்சுவை இருக்கிறது. வெளுத்த வெயிலில் வெள்ளை நாயைப் பிரித்துக் காட்டுவது நிறம் தீட்டுகிறவருக்குச் சவால். அந்த மூக்கின் சிவப்பு ஒன்றுதான் அவருக்குக் கைகொடுக்கும். ஊரை உற்றுப் பார்த்தால் நகைச்சுவையும் அங்கேயே கிடைக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது நம் ஊர் நம்பிக்கை. இதை அனிமேஷன் மாணவர் கேட்டால் சங்கடமாக நெளிவார். ஏனென்றால் அவருடைய முதல் வாக் சைக்கிளிலும் கால் பாவியிருக்காது. பாதம் வழுக்கும், இடுப்பு எடையை வாங்காது, பாதத்தடியில் நிழல் ஒட்டாது. உயிருள்ள பாத்திரமே மிதக்கும் படத்தில் பேயை எப்படி மிதக்கவைப்பது? தமிழின் முதல் முழுநீள 3டி அனிமேஷன் படம் ‘இனிமே நாங்கதான்’ 2007-இல் வந்தது. 2014-இல் ‘கோச்சடையான்’ மோஷன் கேப்சரோடு வந்தது. பெரிய முயற்சிகள், மதிக்க வேண்டியவை. ஆனால் ‘கோச்சடையான்’ வந்தபோதே உருவங்களில் உயிர் இல்லை என்ற குறை பரவலாக எழுந்தது. ராஜாக் கதையில் அந்தக் குறையைச் சண்டையும் பாட்டும் ஓரளவு மறைக்கும். பேய்க் கதையில் அது படத்தையே கவிழ்த்துவிடும். மனிதரின் பாதம் மண்ணை எவ்வளவு அழுத்துகிறதோ, அந்த அளவுக்குத்தான் பேய் பேயாகத் தெரியும்.

இதற்குச் செலவு குறைந்த வழிகளும் உண்டு. 2018-இல் வந்த ‘ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில், பழகாத மைல்ஸை இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படமாகவும், தேர்ந்த பீட்டரை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு படமாகவும் ஒரே காட்சியில் அசைத்தார்கள். பார்வையாளருக்குக் காரணம் தெரியாது, வித்தியாசம் மட்டும் உறைக்கும். ஊர்க்காரர்கள் எல்லாரும் இரண்டில் அசையட்டும். பூதம் மட்டும் ஒன்றில் வழுக்கி வரட்டும். அல்லது ரே செய்ததுபோல் பேய்க்கு மட்டும் ஒரு தாளம் கொடுங்கள். தென் மாவட்டங்களின் தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் மூட்டு மூட்டாக வெட்டிவெட்டி அசைந்தே கூட்டத்தைச் சிரிக்கவைத்தவர்கள். அந்த அசைவும் நம்மிடம் எடுப்பாரற்றுக் கிடக்கிறது.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைக்காட்சியில் டப்பிங் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த குழந்தைகளுக்கு எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழ் பழகிவிட்டது. “ஓ, நண்பா, அங்கே பார்!” என்று மம்சாபுரத்தில் எந்தப் பையன் கத்துவான்? வசனத்தை ஊரில் எழுதி, குரலை முதலில் பதிவுசெய்து, அதற்கு வாயசைவைச் செய்யுங்கள். செய்து முடித்த வாய்க்குள் வசனத்தைத் திணிப்பதால்தான் நம் பாத்திரங்கள் அந்நியராகத் தெரிகிறார்கள்.

உரிமை விஷயத்திலும் சட்டம் இதே திசையைத்தான் காட்டுகிறது. இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். அப்படிப் பார்த்தால் ‘பட்டணத்தில் பூதம்’ 2027 முடியும் வரை காப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகும் பாட்டு வரிகளைத் தொட முடியாது. எழுத்தாளரின் மறைவிலிருந்து 60 ஆண்டுகள் என்பது அங்கே கணக்கு. கண்ணதாசன் மறைந்தது 1981-இல்; அவர் வரிகள் 2041 முடியும் வரை உரியவர்களுக்குச் சொந்தம். நடிகரின் முகமும் குரலும் வேறு வழக்கு. ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்திய படத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் தடை விதித்தது நினைவிருக்கட்டும். ஆனால் ஆன்ஸ்டே 1934-இல் மறைந்தார், உபேந்திரகிஷோர் 1915-இல், வைல்ட் 1900-இல். இவர்களின் மூலக்கதைகள் இங்கே யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பாட்டி சொல்லும் புளியமரத்துக் கதைக்கு யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். படத்தைப் பிரதி எடுக்காதே, கதைக்குப் போ என்று கலை சொல்வதையே வழக்கறிஞரும் சொல்கிறார்.

ஆகவே வாசகர்களான அனிமேட்டர்களுக்கும், பயிற்சி நிலையங்களை நடத்துகிறவர்களுக்கும் இவ்விதழின் வேண்டுகோள் இது. பேய்ப்படத் திட்டம் எதையும் பூதத்தின் உருவத்தில் தொடங்காதீர்கள். உச்சி வெயிலில், உங்கள் ஊர்த் தெருவில், கையில் தூக்குவாளியோடு நடந்து போகும் ஒரு மனிதரைப் பத்து நொடி அசைத்துக் காட்டுங்கள். 240 ஃபிரேம்தான். அவர் பாதம் தரையில் பாவினால் பூதத்துக்கு வேலையைத் தொடங்குங்கள். பாவாவிட்டால் மறுபடியும் அவரையே நடக்கவிடுங்கள்.