மருந்துக்கு ஒரு வெள்ளி, போய்வர ஒரு நாள் கூலி

இனிப்பு நீர் பணக்காரர் வியாதி என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். உட்கார்ந்து தின்பவனுக்குத்தான் அது வரும், உடல் வணங்கி உழைப்பவனை அண்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு எடுத்த தேசியக் கணக்கு அந்த நம்பிக்கையைத் தகர்த்துவிட்டது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31.4, ஏறத்தாழ மூவரில் ஒருவர். சர்க்கரை மிகுந்திருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது.

பேராக்கில் 1877-ல் கோல கங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளுக்குப் பிறகு வளர்ந்த தொழில் இது. தோட்டங்களில் எழுந்த ஆஸ்பத்திரிகள் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வெட்டுக் காயத்துக்கும் எழுந்தவை. படுத்தவனை எழுப்பி மீண்டும் நிரைக்கு அனுப்புவது அவற்றின் வேலை. ஆயுள் முழுதும் கூடவே வரும் நோய்க்கு அந்த ஏற்பாடு போதாது. இன்றோ பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டவர்கள் ஈப்போவைச் சுற்றிய அடுக்கு வீடுகளில் இருக்கிறார்கள். எஞ்சியிருப்பவர்களுக்கும் அரசாங்கக் கிளினிக்தான் கதி.

கிளினிக்கை நாம் குறை சொல்லவில்லை. குடிமகனுக்கு ஒரு வெள்ளிதான். அந்த ஒரு வெள்ளியில் மருத்துவர் பார்க்கிறார், இரத்தம் எடுக்கிறார்கள், மாத்திரையும் கிடைக்கிறது. உலகில் பல நாட்டுத் தொழிலாளிக்கு இது கனவு.

ஆனால் அந்த ஒரு வெள்ளி மருந்தை வாங்க நம் தோழர் கொடுக்கும் விலை ஒரு வெள்ளி அல்ல. பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். கிளினிக்கிலும் காலையில்தான் நம்பர். எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தவர் மருந்தோடு வெளியே வரும்போது நிரை போய்விட்டது. கையில் இருப்பது மருத்துவ விடுப்புச் சான்று அல்ல. வந்து போனதற்கு ஒரு சீட்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18, 22 நாட்கள் சம்பளத்தோடு நோய் விடுப்பு தருகிறது. வேலை செய்ய முடியாதவர் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தவருக்கு அது பொருந்தும். நோய் முற்றாமல் இருக்கச் சோதனைக்குப் போனவருக்கு? செக்ரோலில் அன்றைய கட்டம் வெறுமையாகவே நிற்கிறது. அந்தக் கட்டத்தை எழுதும் கிராணிமாருக்கு இது நன்றாகத் தெரியும்.

விளைவு என்ன? ஒரு தவணை தவறுகிறது, அடுத்ததும் தவறுகிறது. இருக்கும் மாத்திரையை நாள் விட்டு நாள் விழுங்கிக் காலத்தைத் தள்ளுகிறார்கள். பிறகு போகும்போது "ஏன் ஒழுங்காக வரவில்லை?" என்று ஏச்சு. ஏச்சுக்கு அஞ்சி அதன்பின் போவதே இல்லை.

இதற்கு ஒரு வழி மருத்துவத்திலேயே இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனைக்குப் பட்டினி தேவையில்லை. பகல் இரண்டு மணிக்கும் எடுக்கலாம். பெரும்பாலோருக்கு அது 7 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். வேறு சோதனைக்கு மருத்துவர் வெறும் வயிறு கேட்டால் அந்த ஒரு காலைக்கு மட்டும் போகலாம். மற்றத் தவணைகளைப் பாலை நிறுத்துக் கொடுத்த பிறகு மாலையில் வைக்க என்ன தடை?

ஒன்றும் வலிக்கவில்லையே, ஏன் மருந்து என்று கேட்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் புதிதாக நோய் கண்ட 5,000-க்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1998-ல் முடிவு சொன்னார்கள். தொடக்கத்திலிருந்தே சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண், சிறுநீரகக் கேடு குறைந்தது. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்பு நீர்க்காரர்கள். மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று லயத்தில் பேசுவது தலைகீழ்ப் பேச்சு. கெடுப்பது அடங்காத சர்க்கரை. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்டிருந்தால் மருத்துவர் அதன் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார்.

வேறொரு மாத்திரை உண்டு, கிளிகிளாசைட் போன்றது. அதை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் நிரைக்குப் போனால் சர்க்கரை திடுமென்று இறங்கும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், புத்தி தடுமாறும்; கையிலோ உளி. ஆகவே "நான் விடியுமுன் மரம் வெட்டப் போகிறவன், ஒன்பது மணிக்குத்தான் சாப்பாடு" என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால்தானே அவர் மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுப்பார்? சட்டைப் பையில் நான்கு மிட்டாய் இருக்கட்டும். சப்பாத்தைக் கழற்றியதும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். உணர்ச்சி மரத்த காலில் முள் தைத்தது தெரியாது. புண்ணாகி நாறிய பிறகே தெரியும். டின் பால் ஊற்றிய தேநீரைப் பற்றி எழுதினால் நம்மோடு சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் ஒரு நாளைக்கு நான்கு மங்கு அதிகம்தான்.

முதலாளிமாரிடம் நாம் கேட்பது தருமம் அல்ல. கிளினிக் புத்தகத்தில் தவணை தேதி உள்ள தொழிலாளிக்கு, வருகைச் சீட்டைக் காட்டினால் அன்றைய கூலி வேண்டும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்தாலும் ஆண்டுக்கு நான்கே நாட்கள். கால் எடுக்கப்பட்ட தேர்ந்த மரம் வெட்டியின் இடத்தில் புது ஆளைப் பழக்க எத்தனை நாள் ஆகும் என்று துரைமார் கணக்குப் போடட்டும். மாவட்டச் சுகாதார அலுவலகத்திடம் கேட்பது பிற்பகல் தவணையும், ஆண்டுக்கு ஒருமுறை பெரட்டுக் களத்திலேயே விரல் நுனி இரத்தச் சோதனையும்.

அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு முன் கிளைகள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். கிளினிக்குக்குப் போனதால் கூலி இழந்த நாட்கள் எத்தனை என்று கிராணிமார் செக்ரோலைப் பார்த்து, பெயர் எதுவும் குறிக்காமல், எண்ணிக்கையை மட்டும் தீர்மானத்தோடு இணைத்து அனுப்பட்டும்.