செரியன் நகரின் கேரம் போர்டு

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பினார் காசிமா. வடசென்னையின் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்க்காரர், ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஒரே நாளில் ஊரெல்லாம் அவர் பேச்சு. என் மனம் அதற்கு முந்தைய பயிற்சி ஆண்டுகளிலேயே நிற்கிறது.

கேரமில் கை பழகுவது லேசுப்பட்ட காரியமல்ல. பவுடர் தூவிய போர்டில் ஸ்டிரைக்கரைக் கோட்டில் வைத்து, ஒரே கட் ஷாட்டை விரல் நுனி வலிக்க வலிக்க அடிக்க வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் போர்டு இழுக்கும். சுண்டும் வேகத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும். ‘ரெட்’ எனும் சிவப்புக் காய் விழுந்தால் மட்டும் போதாது, அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றும் விழ வேண்டும். இதற்கெல்லாம் கைதட்ட யாரும் வருவதில்லை.

வடசென்னைக்குக் கேரம் வெற்றி புதிதுமல்ல. 2008-ல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். வென்றவர்களுக்கு மேடையில் மாலை போடுவது நல்லதுதான். அதற்கு முன், உங்கள் தெருவில் பிள்ளைகள் ஆடும் கேரம் மன்றத்துக்கு நல்ல போர்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.