ரிசல்ட் அன்று யாரிடம் கேட்பது? சயான்-தாராவி மாணவர்களுக்கு அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகள் சொல்லும் பாடம்

மும்பை சயான் ஸ்டேஷனைச் சுற்றி இரண்டு விதமான தமிழ் வீடுகள் இருக்கின்றன. மாட்டுங்கா பக்கம் மூன்று தலைமுறையாகப் பட்டதாரிகள் உள்ள வீடுகள். இந்தப் பக்கம் தாராவியில், முதல் முறையாக ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் வீடுகள். இரண்டு வீட்டிலும் பேசுவது தமிழ்தான். 12-ஆம் வகுப்பு மார்க்கும் ஒன்றாகவே இருக்கலாம்.

ஆனால் ரிசல்ட் வந்த அன்று மாலை நடப்பது வேறு. ஒரு வீட்டில் பெங்களூரு சித்தப்பா போன் பண்ணுவார். எந்த கோர்ஸ், எந்த ஃபார்ம், கடைசித் தேதி என்ன என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். இன்னொரு வீட்டில், "அடுத்து என்ன பண்றது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

அந்த சித்தப்பாவின் வேலைக்கு ஒரு பெயர் உண்டு: மென்டாரிங், அதாவது வழிகாட்டுதல். வீட்டில் அப்படி ஒருவர் இல்லாத மாணவருக்கு, அந்த வேலையை யார் செய்ய வேண்டும்? அமெரிக்காவின் கறுப்பினக் கல்லூரிகள் இதற்குப் பல பத்தாண்டுகளாக ஒரு பதில் வைத்திருக்கின்றன. அந்தப் பதிலின் ஒரு வடிவம் மும்பையிலும் இருந்தது.

பிரச்னை எவ்வளவு பெரியது?

2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த பதிலின்படி, முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, ஐஐஎம்களில் இருந்து படிப்பை விட்டு வெளியேறிய எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்கள் 13,500 பேருக்கும் மேல். வேறு கோர்ஸுக்கோ வேறு கல்லூரிக்கோ மாறியவர்களும் இதில் உண்டு என்று அரசு விளக்கம் சொன்னது. அதைக் கழித்துப் பார்த்தாலும், கடும் போட்டியில் இடம் பிடித்த ஒருவர் ஏன் பாதியில் போகிறார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சில நேரம் உள்ளே நுழைவதற்கு முன்பே கதவு மூடிவிடுகிறது. 2024-ல் உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகரைச் சேர்ந்த ஒரு தலித் மாணவருக்கு ஐஐடி தன்பாத்தில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாய் கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்ட முடியவில்லை. இடம் போனது. உச்ச நீதிமன்றம் வரை போய், அரசியலமைப்பின் 142-வது பிரிவின் கீழ் உத்தரவு வாங்கித்தான் அவர் சேர முடிந்தது. 2021-ல் ஐஐடி பாம்பேயிலும் இதே போல ஒரு வழக்கு. அங்கேயும் கடைசி நேரத்தில் ஆன்லைனில் கட்டணம் கட்டும்போது வந்த சிக்கல்தான் காரணம்.

இந்த இருவருக்கும் திறமையில் குறை இல்லை. கெடு நெருங்கும்போது பணம் புரட்டவும், யாரை அழைக்கலாம் என்று சொல்லவும், அந்த உலகம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லை.

அம்பேத்கருக்கு வழிகாட்டியது யார்?

மும்பை சர்னி ரோடு தோட்டத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பையன் பீம்ராவைக் கவனித்தவர், கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற பள்ளி ஆசிரியர். 1907-ல் பீம்ராவ் மெட்ரிக் தேறியபோது, தான் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. கல்லூரிப் படிப்புக்குப் பணமில்லாத நிலையில், பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துப்போய் மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தார். அந்தத் தொடர்புதான் 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் வரை அம்பேத்கரைக் கொண்டுபோனது. அங்கே பேராசிரியர் எட்வின் செலிக்மன் அவரை வளர்த்தார். பிறகு அவருடைய நூலுக்கு முன்னுரையும் எழுதினார்.

கேளுஸ்கர் செய்ததைப் பிரித்துப் பாருங்கள். பையனைக் கவனித்தார், புத்தகம் கொடுத்தார், பணம் இருக்கும் இடத்துக்கு அழைத்துப்போனார். "நல்லா படிப்பா" என்ற அறிவுரை இதில் மிகச் சின்னப் பகுதி.

கறுப்பினக் கல்லூரிகள் என்ன செய்தன?

அமெரிக்காவில் 1964-க்கு முன், கறுப்பினத்தவரின் கல்விக்காகவே தொடங்கப்பட்ட கல்லூரிகளை 'ஹெச்பிசியு' என்பார்கள். இன்று சுமார் 100 இருக்கின்றன. வெள்ளையர் கல்லூரிகள் கதவை மூடியிருந்த காலத்தில் பிறந்தவை. அம்பேத்கர் 1946-ல் கடிதம் எழுதித் தொடர்புகொண்ட டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ், இப்படிப்பட்ட ஒரு கல்லூரியான ஃபிஸ்கில் படித்தவர்.

அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரிக்கு 1944-ல் 15 வயதில் வந்தவர் மார்ட்டின் லூதர் கிங். கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேஸ், வாராவாரம் மாணவர்களைக் கூட்டிப் பேசுவார். தன்னை உருவாக்கியவர்களில் ஒருவராக கிங் அவரைக் கடைசிவரை மதித்தார். 1968-ல் கிங்கின் இறுதிச் சடங்கில் அஞ்சலி உரை ஆற்றியவரும் மேஸ்தான்.

பெரிய மனிதர் ஒருவர் இருந்தால் போதும் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூ ஆர்லியன்ஸின் சேவியர் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். சுமார் 3,000 பேர் படிக்கும் சின்ன இடம். ஆனால் மருத்துவப் படிப்பை முடிக்கும் கறுப்பின மாணவர்களை அதிகம் அனுப்பும் கல்லூரி எது என்றால், வருடக்கணக்கில் இதன் பெயர்தான் வரும். ரகசியம் எதுவும் இல்லை. பள்ளியில் விட்டுப்போனதை முதல் வருடமே சரிசெய்வது, தனியாகப் போட்டி போட விடாமல் குழுவாகப் படிக்க வைப்பது, மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தயாரிப்பது. கெடுத் தேதியை நினைவில் வைப்பதும் கல்லூரியின் பொறுப்பு.

ஆசிரியருக்கும் வழிகாட்டி வேண்டுமா?

கட்டாயம். இதைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கறுப்பினக் கல்லூரி ஆசிரியர்கள் அதிக வகுப்புகள் எடுப்பவர்கள். ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் நேரமும் பணமும் குறைவு. 2023 செப்டம்பரில் அமெரிக்க அரசே 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது: மாநில அரசு நிலமானியக் கறுப்பினக் கல்லூரிகளுக்குச் சேர வேண்டியதில், சுமார் 30 ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் கொடுக்கப்படவில்லை என்று. அதனால்தான் இளம் ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சி நிதி விண்ணப்பம் எழுதுவது, கட்டுரை வெளியிடுவது போன்றவற்றில் மூத்த ஆய்வாளர்கள் கைகொடுக்கும் திட்டங்கள் அங்கே நடக்கின்றன. ஆசிரியர் நிலைத்தால்தான் மாணவருக்கு யாராவது இருப்பார்கள்.

இங்கே நிலைமை? 2019-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குப்படி, 23 ஐஐடிகளில் இருந்த 6,043 ஆசிரியர்களில் எஸ்சி 149 பேர், எஸ்டி 21 பேர். தன் வழியில் வந்த ஒரு ஆசிரியரைப் பார்க்காமலேயே நான்கு வருடத்தை முடித்துவிடும் மாணவர்கள் எத்தனை பேர் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இந்தியாவில் இப்படி ஒரு கல்லூரி இருந்ததா?

இருந்தது. அம்பேத்கர் 1945-ல் மக்கள் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1946-ல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரி, 1950-ல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. எல்லாச் சாதியினரும் படிக்கலாம் என்றாலும், முதல் தலைமுறை மாணவரை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை.

மிலிந்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். அதன் முதல்வராக இருந்த ம.ந. வான்கடே அமெரிக்காவில் படித்தவர். கறுப்பின எழுத்தாளர்களைப் படித்துவிட்டு வந்து, நம் வாழ்க்கையை நாமே எழுத வேண்டும் என்று இளைஞர்களிடம் பேசினார். அங்கே ஆசிரியராக இருந்த கங்காதர் பாண்டவணே 'அஸ்மிதாதர்ஷ்' இதழ் நடத்தி ஒரு தலைமுறை தலித் எழுத்தாளர்களை வளர்த்தார். 1972-ல் மும்பையில் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவி தலித் பேந்தர்ஸ் பிறந்தபோது, அதற்கான மண்ணை இந்த வகுப்பறைகளும் இதழ்களும் ஏற்கெனவே பதப்படுத்தி வைத்திருந்தன.

சயான் தமிழ் மாணவருக்குத் தனிச் சிக்கல் என்ன?

சாதிச் சான்றிதழ். சயானிலிருந்து ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் பரேல். அங்கே இருக்கும் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி தொடர்பான வழக்கில்தான் 1990-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்ற தகுதி, வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும்போது கூடவே வராது. 2018-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் இந்த அடிப்படையை உறுதி செய்தது.

நடைமுறையில் இதற்கு அர்த்தம் இதுதான்:

• குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே மகாராஷ்டிராவில் குடியேறியது என்றும், சாதி இந்த மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்றும் நிரூபித்தால் மாநில ஒதுக்கீடு கேட்கலாம். அதற்கு மேல் 'காஸ்ட் வேலிடிட்டி' சரிபார்ப்பும் உண்டு.

• அதற்குப் பிறகு வந்த குடும்பம் என்றால், தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்து இங்கே புலம்பெயர்ந்தோர் சான்றிதழ் வாங்கலாம். அது மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது.

• ஆனால் ஐஐடி, என்ஐடி, எய்ம்ஸ், மத்தியப் பல்கலைக்கழகங்கள் போன்ற ஒன்றிய அரசு நிறுவனங்களில் அதைப் பயன்படுத்தலாம்.

மறுபக்கம், 'நான் முதல்வன்', முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகை போன்றவை தமிழ்நாட்டில் படிப்பவர்களை மனதில் வைத்து உருவானவை. தாராவிப் பிள்ளை இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கிறது.

மூன்றாவது புள்ளியைப் பத்தாம் வகுப்பிலேயே ஒருவர் சொல்லிவிட்டால், அந்த மாணவர் தயாராகும் தேர்வே மாறிவிடும். அட்மிஷன் வரிசையில் நிற்கும்போது தெரிந்தால் பயனில்லை. மறுசீரமைப்புக் கணக்கெடுப்புக்காக வீட்டில் தேடி எடுத்த பழைய காகிதப் பையிலேயே, தாத்தாவின் பள்ளிச் சான்றிதழும் கிடக்கலாம். அதன் மதிப்பை யாராவது சொல்ல வேண்டுமே.

கல்லூரிகளில் மென்டார் ஏற்கெனவே இருக்கிறார்களே?

காகிதத்தில் இருக்கிறார்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர்கள் என்ற விகிதத்தை 'நாக்' தர மதிப்பீடே கேட்டிருக்கிறது. உங்களுக்கும் நினைவிருக்கும்: வருடத்துக்கு இரண்டு முறை கையெழுத்து வாங்கும் அந்த மென்டார் புக். எண் சரியாக இருக்கும், பேச்சுதான் நடந்திருக்காது. ஒப்பந்தச் சம்பளத்தில், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாத ஆசிரியரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

2007-ல் டெல்லி எய்ம்ஸ் பற்றி ஆராய்ந்த தோரட் குழுவிடம், பேசிய எஸ்சி, எஸ்டி மாணவர்களில் 69% பேர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு இல்லை என்றார்கள். மாணவரைத் தாழ்வாகப் பார்க்கும் ஒருவரை வழிகாட்டியாக நியமித்தால், அது உதவி ஆகாது, அதிகாரம்தான் ஆகும்.

இளைஞர் குழுக்கள் போதாதா?

நல்ல வேலை செய்கிறார்கள். வார்தாவில் நாலந்தா அகாடமி, யவத்மாலில் தொடங்கிய ஏகலவ்யா இந்தியா ஃபவுண்டேஷன் இரண்டும் முதல் தலைமுறை மாணவர்களைப் பெரிய பல்கலைக்கழகங்களுக்குத் தயார் செய்கின்றன. ஆனால் வழிகாட்டியால் எல்லாம் முடியாது. 2018-ல் செம்பூரை அடுத்த தேவ்நாரில் டிஸ் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தது, உதவித்தொகை மாணவர்களுக்கான கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டதால். 2025-ல் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில், முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் போனது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் என்று பதில். கேளுஸ்கர் அழைத்துப்போன இடத்தில் சாயாஜிராவ் பணம் வைத்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

அப்போ நான் என்ன செய்யலாம்?

நீங்கள் ஐடியிலோ வங்கியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் 'மோட்டிவேஷன்' பேச்சு வேண்டாம். ஒரே ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று வருடத்துக்கு. ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழ்களைச் சரிபாருங்கள். விண்ணப்பத் தேதிகளை உங்கள் காலண்டரில் போடுங்கள். கட்டணக் கெடுவுக்கு முந்தைய வாரம் போன் பண்ணுங்கள். கல்லூரி போன முதல் செமஸ்டரில் அரியர் விழுந்தால், திட்டாமல் கேளுங்கள்.

நீங்கள் படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் இருந்தால், கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: வழிகாட்டும் ஆசிரியருக்கு அதற்கென வகுப்பு நேரம் குறைக்கப்படுகிறதா? அந்தப் பதவி நிரந்தரமா? கறுப்பினக் கல்லூரிகளில் வழிகாட்டுதல் பலன் தந்தது, அது ஒருவரின் நல்ல மனதை மட்டும் நம்பி நடக்காததால்.

கேளுஸ்கரை யாரும் நியமிக்கவில்லை என்பதும் உண்மை. தோட்டத்தில் படித்துக்கொண்டிருந்த பையனிடம் அவராகப் போய்ப் பேசினார். அடுத்த 12-ஆம் வகுப்பு ரிசல்ட் வரும் மாலையில், தாராவியில் யாருடைய போனில் உங்கள் நம்பர் இருக்கும்?