காய்ச்சலும் கறுப்புப் பொருக்கும்

“பிள்ளைக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை என்று ரிப்போட் வந்துவிட்டது. பனடோல் கொடுத்தால் இறங்குகிறது, பிறகு ஏறுகிறது. இனி எந்தப் பரிசோதனை செய்விப்பது?” என்று உம்மாமார் கேட்பதுண்டு.

சகோதரிகளே, இரத்தம் எடுக்குமுன் உடம்பைப் பாருங்கள். பற்றைக் காணிகளிலும் புல்வெளிகளிலும் வாழும் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவதே உண்ணிக் காய்ச்சல். கடித்த இடத்தில் சிகரட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகலாம். அது நோகாது, அரிக்காது. அக்குள், அரை, இடுப்பு, மார்பின் அடிப்பக்கம் என்று மறைவான இடங்களையே அது நாடும். வெட்கத்தால் நம் பெண்கள் அதைக் காட்டுவதில்லை. பெண் டொக்டரைக் கேட்டுப் பெறுங்கள்; காட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். எல்லோருக்கும் பொருக்கு வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இனி பரிசோதனை. பழையது வைல்-ஃபெலிக்ஸ். 1916இல் டைபஸ் காய்ச்சலுக்கென வந்தது. செலவு குறைவு. ஆனால் அதில் பயன்படுவது இந்நோயின் கிருமியல்ல, வேறொரு கிருமி! அதனால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று பலருக்குக் காட்டிவிடும். எலைசா பரிசோதனை அதைவிட நம்பகமானது. ஒளிரும் சாயத்தைச் சேர்த்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும் ஐ.எஃப்.ஏ. முறையையே நிபுணர்கள் உரைகல்லாகக் கொள்கின்றனர்.

இவை யாவும் தேடுவது கிருமியை அல்ல, அதற்கெதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியை. அது இரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு வாரமாகும். மூன்றாம் நாள் ரிப்போட்டில் ‘இல்லை’ என்றிருந்தால் அதை நம்பி ஆறுதல் அடைய முடியாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் கேட்டால், “சுகமான பிறகு எதற்கு?” என்று மறுக்காதீர்கள். அளவு நான்கு மடங்கு உயர்ந்திருந்தால்தான் நோய் உறுதியாகும். பி.சி.ஆர். முறையோ கிருமியின் மரபுப்பொருளையே தேடுவது. பொருக்கிலிருந்து எடுத்த துணுக்கு இதற்கு மிக நல்லது. பிய்த்து எறிந்துவிடாதீர்கள்.

ஆனால் ரிப்போட் வரும்வரை மருந்து காத்திருக்கக் கூடாது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். பென்சிலின் வகை மருந்துகள் இதற்குக் கேட்பதில்லை. டொக்டர் சந்தேகித்தவுடனேயே டொக்சிசைக்கிளின் தொடங்குவார். கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின். ஆகவே கர்ப்பமாக இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். அப்படி விடுவதையே டொக்டர்மார் இன்னொரு சான்றாக எடுப்பர். விட்டதும் குளிசையை நிறுத்திவிட்டு மீதியை அலுமாரியில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள்.